இந்தா வந்துர்றேன்

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு நாங்கள் வந்த பஸ்ஸை மறித்து, ஆமிக்காரன் அப்பாவை இறக்கிய கதையை, யுத்தப் படம் எடுக்கும் கொழும்பு இயக்குநருக்கு மூன்று நாள் சொன்னேன். இறங்கும்போது, "பயப்படாத, இந்தா வந்துர்றேன்" என்றார் அப்பா. நான் கேட்ட அவருடைய கடைசிச் சொல் அது.

போன மாதம் கண்டியில் ஒரு மண்டபத்தில், அந்தப் படத்தைக் காட்ட எனக்கு மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினார்கள். மாட்டினால் அந்த நாளுக்குள்ளேயே போய்விடலாமாம். அதே பஸ், அதே சீட். அப்பாவின் உருவம் திரும்பி, "பயப்பிடாத, இந்தா வாறன்" என்றது.

கண்ணாடியைப் பிடுங்கினேன். "எங்கப்பா மலையகத் தேயிலத் தோட்டத்து ஆளு. யாழ்ப்பாணத் தமிழ் எங்கேருந்து வந்துச்சு?"

"யுத்தப் படம்னா அந்தத் தமிழத்தான் எதிர்பார்ப்பாங்க," என்று இயக்குநர் சிரித்தார். "எல்லாம் தமிழ்தானே?"

"அன்னைக்கு அப்பாவ எறக்குனவனும் அப்படித்தான் நெனச்சான்," என்றேன்.