பிடியரிசியில் ஒரு பிடி மண்

வெறும் வயிற்றில்தான் பால் சுண்டும் வாசனை அவ்வளவு கூர்மையாக ஏறும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்புகளுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. லெந்து என்னும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மதியச் சோற்றை விட்டுவிட்டு, அந்த வாசனையை விழுங்கிக்கொண்டே முழங்காலில் நிற்பேன். சின்ன வயதில் எவ்வளவு பக்தி என்று சபையில் வியந்தார்கள். நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: எங்கள் சபைப் பையன் தேவராஜின் சோற்றில் மண் விழ வேண்டும்.

சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையன்று சபைக் கோயில் வளாகத்தில் நடந்த மல்லுக்கட்டில் அவன் என்னைப் புரட்டிப்போட்டு, நெஞ்சில் உட்கார்ந்து, "ஏலே, இது உடம்பா, முருங்கைக்காயா?" என்று கூவியபோது சிரித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். மறுநாளே செங்கல் தூக்கவும் தண்டால் எடுக்கவும் தொடங்கினேன். "உடம்புக்கு மட்டும் தீனி போட்டாப் போதாது, ஆத்துமாவுக்கும் போடணும்" என்பார் உபதேசியார். இரண்டுக்கும் போட்டேன், ஒரே வேலைக்காக. என் கை எட்டாவிட்டால் கர்த்தரின் கை எட்டட்டும்.

உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போடுவாள். நான் சாப்பிடாத பங்கும் அந்தப் "பிடியரிசி"யில்தான் சேரும். ஒரு சனிக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டியபடியே சொன்னாள்: "இந்த மாசம் தேவராஜ் வீட்டுக்குய்யா. அவன் அப்பா ராஜபாளையம் மில்லுல கைய ஒடிச்சிட்டுக் கெடக்காவ. நீ பட்டினி கெடந்தது அந்தப் பிள்ளைக வயித்துக்குத்தான் போவுது."

என் பசியில் அவன் தொடை வளரப்போகிறது! அம்மா குளிக்கப் போனதும் பையை அவிழ்த்து, முற்றத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கலக்கி, பழையபடி கட்டிவைத்தேன். கர்த்தர் தாமதித்ததை நானே முடித்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மறுவார ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவராஜ் என்னைத் தேடி வந்தான். முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏலே முருங்கைக்கா, ஒன் பட்டினி அரிசியாமே! அம்மா எம்புட்டு அரிச்சும் பல்லுல நறநறங்குது. போவுது, வயிறு நெறஞ்சுதுலே. வீட்டுல எல்லாரும் ஒனக்காவ ஜெபம் பண்ணுனோம்."

மடக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நன்றிக்காக அவனை இன்னும் வெறுத்தேன். உபவாசத்தை விட்டேன், வெள்ளிக்கிழமைகளில் கேட்டு வாங்கி இரண்டு பங்கு தின்றேன். கொஞ்ச நாளில் தேவராஜின் குடும்பம் ஊரை விட்டுப் போனது. உண்மையை அவனிடம் நான் சொல்லவே இல்லை.

இப்போது ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். சர்க்கரைக்காக நடக்கிறேன், டாக்டர் சொன்னபடி ஒரு வேளைச் சோற்றை விடுகிறேன். உடம்பு சொன்னபடி கேட்கிறது. பிடியரிசிப் பானை எந்த வீட்டிலும் இல்லை. மருமகள் அளந்து குக்கரில் வைப்பதால், நான் விடும் சோறு யார் வயிற்றுக்கும் போவதில்லை. கடையில் வரும் அரிசியும் இப்போதெல்லாம் சுத்தம். எப்போதாவது அபூர்வமாக ஒரு கல் கடிபடும். அதைத் துப்பாமல் விழுங்கிவிடுகிறேன்.