செல்லக்கண்ணுவின் கால்

செல்லக்கண்ணுவை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. பஃபலோ ரோட்டில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் அவருடைய பாயைத் தெரியாமல் மிதித்தவன்கூட வேறு இடம் பார்த்துக்கொள்வான். தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் எழுந்த அறுபதுகளில் அவர் அஸ்திவாரக் கம்பம் இறக்கும் யந்திரம் ஓட்டினார். யந்திரம் ஒரு இரும்புக் குண்டை உயரே இழுக்கும். விட்டால் அது விழுந்து கம்பத்தை மண்ணுக்குள் அறையும்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் அய்யாத்துரைக்கு அவர்மேல் பகை. தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்பது ஒன்று. அவருடைய வாய் இன்னொன்று.

கடைசிக் கம்பத்துக்குக் கடைசி அடி விழுமுன், அதன் தலையில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவது அங்கே வழக்கம். அன்று நாங்கள் சுற்றி நிற்க, கம்பம் மார்பளவு நின்றது. குண்டு உச்சியில்.

"இஞ்சின அமத்துய்யா. சாமி கும்பிடற நேரத்துல இரைச்சல் எதுக்கு?" என்றார் மண்டோர்.

செல்லக்கண்ணு அமர்த்தினார். பழைய யந்திரம், குண்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டுப் பல் தேய்ந்து உதவாமல் போயிருந்தது. பிரேக்கை மிதித்திருந்த செல்லக்கண்ணுவின் கால்தான் பூட்டு.

மண்டோர் பூசைத் தட்டைக் கம்பத்தின் தலையில் வைத்து, பழத்துக்குக் குங்குமம் தடவிக்கொண்டே பேசினார். "இதோட உனக்கு இங்க வேலை இல்ல. இப்பவே இறங்கு. இஞ்சின்தான் நின்னுபோச்சே, அங்க குந்திக்கிட்டு என்ன பண்ற?"

"இறங்கட்டுமா?"

"காது கேக்கலியா? இறங்குலா."

"மேல ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க, மண்டோரே. இறங்கிடறேன்."

மண்டோர் அண்ணாந்து பார்த்தார். சத்தமில்லை, அசைவில்லை, ஆனால் அதை இழுத்து ஏற்றிய வேலையெல்லாம் அந்தக் குண்டில் காத்திருந்தது. இதுதான் நிலையாற்றல். எங்கள் கிராமத்தில் இதன் சூத்திரத்தை எழுதிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அசையாத பொருளுக்கு ஆற்றல் இல்லை என்று தேர்வில் எழுதும் மாணவர்களுக்கு, அப்போது மண்டோரின் முகத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

அவர் கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். தட்டை எடுக்க யாருக்கும் துணிவில்லை.

செல்லக்கண்ணு காலை எடுத்தார். உயரம் குறையக் குறைய வேகம் கூடியது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறிக்கொண்டே வந்தது. பழமும் பித்தளைத் தட்டும் ஒரே தகடாயின. கம்பம் இறங்கியது.

அவரும் இறங்கித் துண்டை உதறினார். "நீங்க சொன்னபடி இறங்கிட்டேன்."

மண்டோர் வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. பிறகு பூட்டுப் பல்லை மாற்றிவிட்டார்கள் என்று விடுதியில் யாரோ சொன்னார்கள். செல்லக்கண்ணு சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"என் காலுக்குப் பதிலா இரும்பு வச்சுட்டானா?"