நாங்கள் பாடமாக்காத கேள்வி

லண்டனில் வளர்ந்த நான் மட்டக்களப்பு மண்டூரில் ஆங்கிலம் படிப்பிக்க வந்து இரண்டு வருடமாகியிருந்தது. வாவிக்கரையால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் அந்த வாழ்க்கையை விட எனக்கு மனமில்லை. அம்மாவுக்கோ பொறுக்கவில்லை. "பொம்புளப் புள்ளையத் தனியா விட்டுட்டு இருக்கேலாது. ஒருத்தனைக் கலியாணம் முடி, இல்லாட்டி என்னோட வா" என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த கிழமைக்கு விமானச் சீட்டும் எடுத்துவிட்டார். வேறு வழி தெரியாமல், ஒருவரை விரும்புகிறேன் என்று பொய் சொன்னேன்.

அந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். நல்ல நண்பர், காதல் கீதல் ஒன்றுமில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். எங்கே சந்தித்தோம், யார் முதலில் சொன்னது, எல்லாவற்றையும் ஒரு கிழமை பாடமாக்கினோம்.

அம்மா வந்த மூன்றாம் நாள் அவர் நண்டு வாங்கிக்கொண்டு வந்து, "மாமி, சுகமா?" என்றார். காதலைப் பற்றி அம்மா மூச்சே விடவில்லை. தேநீரை நீட்டியபடி ஒன்றுதான் கேட்டார்.

"நீங்க என்ன குடி மனே?"

அவர் சொன்னார். அம்மாவின் முகம் மாறியது. எங்கள் குடியும் அதுதான். இங்கே குடி என்னும் வம்சம் தாய்வழி வருவது; ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. எனக்குத்தான் தெரியாது, இந்த மனிதர் முதலே கேட்டிருக்கக் கூடாதா?

"வெளிநாட்டுப் புள்ளைக்கும் குடி இருக்குமெண்டு நான் நினைக்கல்ல" என்று முணுமுணுத்தார். வந்த கோபத்தில் நண்டுப் பையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

குட்டு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். இனிப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அம்மா திட்டவில்லை. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளைய அவசரப்படாம ஆறுதலாத் தேடலாம். இவள் உன்ட தங்கச்சி. காய்ச்சல் எண்டு கிடந்தா வந்து பாப்பியா?"

"ஓம் பெரியம்மா."

லண்டனில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தவள் நான். இங்கே ஐந்து நிமிடத்தில் எனக்கு அண்ணன் கிடைத்துவிட்டான். அதில் அவர்கள் இருவருக்கும் எந்த அதிசயமும் இல்லை. அதுதான் எனக்குப் பேரதிசயம்.

அடுத்த கிழமை அம்மா தனியாகவே லண்டன் திரும்பினார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அண்ணனுக்குத்தான் போன் எடுப்பார். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று அவனிடம் கேட்டறிந்த பிறகுதான் எனக்கு எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பார்.