ஓரகத்தியின் காளான் குடில்

எங்கள் குடும்பத்தில் முதலில் காளான் வளர்த்தது நான்தான். துடியலூரில் எங்கள் வீதியில் இன்றைக்குக் கேட்டாலும் என் ஓரகத்தியைத்தான் சொல்வார்கள் என்பதால், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் தன் லேத் பட்டறையைப் பெரியநாயக்கன்பாளையத்துக்கு மாற்றினார். வீட்டுக்குப் பின்னால் பட்டறை இருந்த கொட்டகை காலியாகக் கிடந்தது. செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நான் ஒரு பயிற்சிக்குப் போய் வந்து, ஐப்பசி மழை ஈரத்தில் அங்கே சிப்பிக் காளான் போட்டேன். வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உலர்த்தி, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து என்று அடைத்து உறியில் தொங்கவிட வேண்டும். வைக்கோல் முழுக்க வெள்ளை படர்ந்ததும் பையைக் கிழித்துத் தண்ணீர் தெளித்தால் மொட்டு விடும். மார்கழியில் என் பைகளில் காளான் கொத்துக் கொத்தாக நின்றது. வீதிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கறி மாதிரி இருக்கும், அடுப்படிக்குள் கொண்டு வராதே என்று சொல்லியிருந்த மாமியார், மிளகு போட்டு வறுத்துக் கொடுத்ததும் இன்னொரு கரண்டி கேட்டார். டவுனிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் ஸ்கூட்டரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

கொழுந்தனாரின் மனைவியான என் ஓரகத்திக்கு அடுத்த வீடு. வீடுகளுக்குப் பின்னால் இரண்டு பொடக்காலிகளுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர் மட்டும்தான். கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவள், அதிகம் பேசமாட்டாள். வைக்கோல் நறுக்க எனக்குத் துணையாக வந்துகொண்டிருந்தவள், தை மாதத்தில் ஒருநாள் தானும் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் சந்தோஷமாகச் சரி என்றேன். முதல் வித்துப் பாக்கெட்டை என்னுடையதிலிருந்துதான் கொடுத்தேன். அவள் தன் வேப்பமரத்தடியில் தென்னங்கீற்றில் ஒரு குடில் போட்டாள். ஆட்டுப்பட்டி மாதிரி இருக்கிறது என்று நான் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பங்குனியில் வெயில் ஏறியது. காலை பத்து மணிக்கே என் கொட்டகை அடுப்பு மேல் வைத்த சட்டி மாதிரி ஆனது. மொட்டுகள் குண்டூசித் தலை அளவு வந்து, மஞ்சளாகி, சுருங்கி உதிர்ந்தன. சில பைகளில் பச்சைப் பூசணம் பிடித்தது. ஈரச் சாக்கு கட்டினேன். சோறு வடித்து முடிப்பதற்குள் காய்ந்து விறைத்தது. டேபிள் ஃபேன் வைத்தேன். மிச்சமிருந்த மொட்டும் வாடியது. கூரை மேல் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் தென்னை மட்டையைப் பரப்பச் சொன்னேன். கடைசியாக ஐஸ் பேக்டரியிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஒரு பாளம் வாங்கி வந்து, அண்டாவில் போட்டு நடுவில் வைத்தேன். மதியம்வரை கொஞ்சம் தாங்கியது. பிறகு அது உருகி, உள்ளே இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவிதான் மிஞ்சியது.

அந்தச் சித்திரையில்தான் ஓரகத்தியின் குடிலில் காளான் நிற்காமல் பூத்தது.

சுவருக்கு அப்பால் அவள் ஈரச் சாக்கை உதறும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து பின்கதவைச் சாத்திவிடுவேன். ஹோட்டல்காரர் ஸ்கூட்டர் என் வாசலில் மெதுவாகி, பிறகு அவள் வாசலில் போய் நிற்கும். சின்னவளுக்குக் கைராசி என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் தினமும் ஒரு கிண்ணத்தில் காளான் வறுவலைச் சுவர் மேல் வைத்து என்னைக் கூப்பிடுவாள். என் வீட்டுக்காரர் அதைப் போட்டுப் பிசைந்து, நீ வளர்த்ததைவிட மெத்தென்று இருக்கிறது என்று யதார்த்தமாகச் சொன்னார். நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

குடிலை எப்படிக் குளுமையாக வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

கத்திரி வெயில் உச்சியில் இருந்தபோது அவளுடைய அப்பா தோப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவள் கண் சிவந்து சுவரோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அப்பன ஆஸ்பத்திரில சேத்திருக்குதுங்க. நா ஊருக்குப் போறனுங்க. குடிலுக்குத் தண்ணி அடிக்க உங்களத் தவுத்து வேற யாருக்குங்க தெரியும்?"

"போயிட்டு வா அம்மணி. நாம் பாத்துக்கறேன்" என்றேன்.

அன்று மதியம்தான் அந்தக் குடிலுக்குள் முதல்முறையாகப் போனேன். படலைத் தள்ளியதும் முகத்தில் குளுமை அடித்தது. தரையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீரில் ஊறவைத்திருந்தாள். கூரைக்குக் கீற்று இரண்டு வரிசை, நடுவில் காற்றுக்கு இடைவெளி. நாலு பக்கமும் சாக்குப் படுதா. மேலே பாதியாகப் பிளந்த பைப்பில் தண்ணீர் நிற்க, சாக்கின் மேல்முனை அதில் தோய்ந்திருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் தானாக இறங்கிச் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே வேப்பமர நிழல். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எனக்கே தோன்றியிருக்க வேண்டியவை. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

அவள் காளான் வாடிப்போகட்டும் என்று நான் நினைத்திருப்பேன் என்று தோன்றலாம். அப்படி நினைக்கவில்லை. அவள் கையில் வந்ததைவிட என் கையில் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தேன். என் கொட்டகையை மறந்தே போனேன். மதியம் கரண்ட் போய் மோட்டார் ஓடாதபோது, கிணற்றில் சேந்திக் குடம் குடமாகச் சுமந்து பைப்பை நிரப்பினேன். பைகளின் மேல் பனி மாதிரி தண்ணீர் தெளித்தேன். வீட்டு வேலை முடிந்தால் உள்ளே போய் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மொட்டு விரிவதைப் பார்க்கப் பார்க்க, அவை என்னுடையவை என்றே தோன்றியது. காளான் கை அகலத்துக்கு விரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நின்றது.

ஹோட்டல்காரர் வந்து பார்த்து வியந்துபோனார். இவ்வளவு நல்ல காளானைப் பார்த்ததில்லை, சின்னம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஓரகத்தி திரும்பி வந்தவள், பையை வாசலில் வைத்துவிட்டு நேரே குடிலுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் ஒரு கொத்தைக் கீழிருந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

"எங்கையில இத்தன பெருசா வந்ததில்லீங்கக்கா."

குரலில் சந்தோஷம் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான். பங்குனியிலிருந்து என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் குடில் படலுக்கு ஒரு பூட்டு தொங்கியது. நாய் பூந்துபோடுது என்று மாமியாரிடம் சொன்னாளாம். எனக்கு அன்று வயிறு நிறையச் சாப்பாடு இறங்கியது.

அவள் அப்பா மறுபடி எழுந்து நடக்கவில்லை. அவருக்கு ஆண் வாரிசும் இல்லை. ஆடி முடிந்ததும் கொழுந்தனாரும் அவளும் கிணத்துக்கடவுக்கே குடிபோனார்கள். போகிற அன்று குடில் சாவியை என்னிடம் நீட்டினாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் இது நன்றாக வருகிறது என்றாள். சிரிக்காமல் சொன்னாள். நானும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் குடில் என்னுடையது. காளான் நன்றாகவே வந்தது, மாமியார் என் கையையும் ராசியான கை என்றார். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஹோட்டல்காரர் வருவது குறைந்தது. கேட்டதற்கு, சின்னம்மா தென்னந்தோப்புக்குள் வரிசையாகக் குடில் போட்டிருக்கிறார், நடுவில் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிறது, கோடையே தெரியவில்லை என்றார். காளான் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். விரலை விரித்துக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பெரியவரைப் பார்த்து ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தேன். ஓரகத்தி குடிக்கத் தண்ணீர்கூடத் தராமல், வாங்கக்கா என்று என்னைத் தோப்புக்குள் அழைத்துப்போய் முதல் குடிலின் படலைத் திறந்தாள். உள்ளே போனேன். எங்கள் குடிலைவிடக் குளுமை. காளான் சுவர் சுவராக நின்றது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் வெக்கையாத்தா இருக்குது அம்மணி" என்றேன்.

"அப்படீங்களாக்கா" என்றாள். பிறகு வாய்க்காலில் ஒரு பக்கெட் தண்ணீர் மொண்டு வந்து, என் காலடி மணலில் ஊற்றினாள்.