பின்னால் வந்த ஓட்டோ

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மோர் கொடுத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் ஆண்டுதோறும் எங்கள் ஊரைத் தாண்டிப் போவார்கள். ஒரு குழுவை நடத்திவந்த அம்மா, பட்டி தைத்துத் தைத்துத் தடித்துப்போன துணிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே மோரைக் குடித்தார். எங்கேயிருந்து வருகிறார்கள் என்று கேட்டேன். "யாழ்ப்பாணத்தாலை. சந்நிதி முருகன் கோயிலடியிலையிருந்து." "அங்கயிருந்து நடந்தா வாறீங்க?" என்று வாயைப் பிளந்தேன். "பின்னை, பறந்தோ?" என்றுவிட்டுக் குவளையை என் கையில் திணித்தார். அடுத்த வருடம் நானும் நடக்கிறேன் என்று அன்றைக்கே வீட்டில் அறிவித்தாயிற்று.

தொலைபேசியில் அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "புதுசா வாறவை முதல் ஒருநாள் பையோடை நீள நடந்து பாக்கவேணும் பிள்ளை. வழியிலை விழுந்தா உன்னைத் தூக்க எங்களிட்டை ஆளில்லை." சென்ற வருடம், யாத்திரைக்கு முதல்நாள், மானிப்பாயில் என் அம்மாவின் சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தேன். அவரை மாமி என்பேன். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு நடந்துபோய், நடந்தே திரும்புவது என் திட்டம். காலுக்குப் பரீட்சையும் ஆயிற்று, முன்பின் கண்டிராத நகரத்தைப் பார்த்ததாகவும் ஆயிற்று.

மாமிக்கு அது திட்டமாகவே படவில்லை. "பொம்பிளைப்பிள்ளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கை போனா சனம் என்ன கதைக்கும்? விருந்துக்கு வந்த பிள்ளைக்கு ஒரு ஓட்டோ பிடிச்சுக் குடுக்க வக்கில்லை எண்டெல்லோ கதைக்கும்!" நான் கேற்றைத் திறந்துகொண்டு நடந்துவிட்டேன். நூறு அடி போயிருக்கமாட்டேன், பின்னால் ஒரு ஓட்டோ. மாமி வழக்கமாகக் கூப்பிடும் ஓட்டோக்கார அண்ணை. நான் நின்றால் அவரும் நின்றார், நடந்தால் உருட்டினார்.

"அண்ணா, நீங்க போங்க."

"மாமி சொன்னவ, ஏறாட்டி ஏறாமல் விடட்டாம், நான் பின்னாலை போகட்டாம்."

அப்படித்தான் நான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தேன். ஆனைக்கோட்டை வயல்வெளியில் கொக்குகள் நின்றன. மதிலுக்கு மேலால் செவ்வரத்தைப் பூ எட்டிப் பார்த்தது. குடை பிடித்தபடி சைக்கிள் மிதிக்கும் பெண்கள் போனார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் கேட்கவில்லை. காதுக்குள் இருந்தது முழுக்க அந்த எஞ்சின். போதாததற்கு, சந்திக்குச் சந்தி ஒரு விசாரணை. "என்ன பிள்ளை, கூலியிலை பிணக்கோ? ஏறு, உவன் நல்ல பெடியன்" என்று எனக்குப் புத்தி சொன்னார் ஒரு கடைக்காரர். ஓட்டுமடத்தில் ஒருவர் அண்ணையைப் பார்த்து, "என்னடாப்பா, சாமி முன்னாலை போகுது, தேர் பின்னாலை வருகுது!" என்றார். அண்ணையின் முகம் கறுத்துப் போயிற்று. "எனக்கும் உது விசர் வேலைதான் தங்கச்சி. முதல் கியரிலையே உருட்டி எஞ்சின் கொதிக்குது" என்றார். அப்படியானால் போகலாமே என்றேன். "மாமிக்கு ஆர் பதில் சொல்லுறது?"

கோட்டைக் கொத்தளத்தில் ஓட்டோ ஏறாது. அங்கே மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. கடலில் வெட்டிய முருகைக்கல் மதிலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கடல்நீரேரி அசையாமல் கிடந்தது, காற்று மட்டும் காதில் இரைந்தது. நகரம் இப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்தபோது கீழே ஹோர்ன் அடித்தது.

திரும்பும் வழியில், ஆனைக்கோட்டைக்குக் கிட்ட, ஓட்டோ புகைத்துவிட்டு நின்றது. அண்ணை அதை விட்டுவிட்டு என்னோடு வரமுடியாது. என்னை விட்டுவிட்டு நிற்கவும் மனமில்லை. தனியே தள்ளிப் பார்த்தார், ஒரு முழம் நகர்ந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பையோடு குனிந்தால் அது தலைக்கு மேல் சரிந்தது. ஆகவே அதைப் பின்சீற்றில் வைத்துவிட்டுத் தள்ளினேன். "இப்ப ஆர் ஆருக்குப் பின்னாலை?" என்று அண்ணை மூச்சு வாங்கியபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மானிப்பாய்க் கராஜ் வரைக்கும் என் பை சொகுசாகச் சவாரி செய்தது.

அடுத்தநாள் சந்நிதியில் அந்த அம்மா கேட்டார். "பையோடை நடந்து பாத்தனியோ?" கோட்டை வரைக்கும் என்றேன். "திரும்பேக்கை?" சொன்னேன். குழு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஓட்டோ தள்ளினது கணக்கில்லை பிள்ளை. பாதி நடையை நம்பி உன்னைக் காட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகமாட்டன். வாற வருஷம் வா." நடந்து கடக்கவேண்டிய அத்தனை தூரத்தையும் ஊருக்குத் திரும்பிய பஸ்சில் தூங்கி வழிந்துகொண்டு கடந்தேன். அன்பு என்ற பெயரில் ஒரு மனுஷியை நடக்கவிடாத ஊரை எப்படி மன்னிப்பது என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இப்போது இந்த வருட யாத்திரைக்காக மறுபடியும் மாமி வீடு. மாமி இன்று பின்னேரம் என்னிடம் ஒரு சொல் கேட்காமலே அண்ணைக்கு அழைப்பு எடுத்துவிட்டார். அண்ணை வந்து கேற்றடியில் நின்று, உள்ளே ஒரு கண் வைத்துக்கொண்டு மெல்லக் கதைத்தார்.

"தங்கச்சி, மாமியிட்டை ஏலாதெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. நாளைக்கு நான் முன்னாலை போறன், கோட்டை வாசல்லை நிக்கிறன். நீங்கள் ஆறுதலா, மெல்ல நடந்து வாங்கோ. திரும்பேக்கையும் நான் முன்னாலைதான். என்ரை சத்தம் உங்களுக்குக் கேளாது."

பிறகு என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "உதோடை ரெண்டு பக்கமும் நடந்தோ?"

"பின்னை, பறந்தோ?" என்றேன்.

நாளை வெயில் ஏற முதல் புறப்படுகிறேன். ஓட்டோ எங்கே நின்றாலும் நிற்கட்டும், பை என் முதுகில்தான்.