காலி அட்டைகள்

ஆஸ்பத்திரியில் தேறிய மருந்து, பஸ்ஸைத் தவறவிடுகிற, நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை செய்கிற மனிதர்களுக்கும் கேட்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வலிப்புக்கு வந்த புது மாத்திரை. ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கி, மாதம் ஒருமுறை வீடுவீடாகப் போய்ப் படிவம் நிரப்புவேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டார்களா என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி காலி அட்டை. அதை எண்ணி எழுதிவிட்டு, என்னவோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி அறைக்குத் திரும்புவேன்.

செம்மநத்தத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். முதல் மூன்று மாதம் அவருக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை. பழம் சிவந்து பறிப்பு ஆரம்பித்ததும் மறுபடி வந்தது. அட்டைகளோ சுத்தமாகக் காலி. மாத்திரையால் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டால், ஒன்றுமில்லைங்க என்று சிரித்துக்கொண்டே காப்பி வைத்துத் தருவார். 'முழுதாக எடுத்தார், பலனில்லை' என்று இரண்டு மாதம் எழுதினேன். கீழே ஜீப் காத்திருக்கும், இருட்டுவதற்குள் கொட்டச்சேட்டுக்கும் போகவேண்டும். நன்றாகக் கேட்ட மருந்து திடீரென்று ஏன் கேட்காமல் போனது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை, புத்தியும் இல்லை.

அடுத்த முறை போனபோது அவருடைய கணவர் மட்டும் இருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓடையில் துணி அலசும்போது மனைவிக்கு வலிப்பு வந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புற விழுந்திருக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுக் கணவர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே அத்தனையும் மாத்திரைகள்.

போட்டால் மதியம்வரை தூக்கம் தள்ளுமாம். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கிறவருக்கு அது ஆகாது. கொஞ்சம் தள்ளாடினாலும் கூலிக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"நொம்ப தூரம் ஏறி வர்றாங்க, போடலைன்னா சங்கடப்படுவாங்கன்னு சொன்னாளுங்க. சீசன் முடியட்டும், எல்லாத்தையும் சேத்துப் போட்டுக்கறேன்னா."

அங்கேயே படிவத்தை எடுத்துத் திருத்தினேன். 'எடுக்கவில்லை' என்று எழுத இடமிருந்தது. ஏன் என்று எழுத இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க, அவ இதைப் போட்டிருந்தா பொழச்சிருப்பாளுங்களா?"

பிழைத்திருப்பார். அந்த மலையில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

"தெரியலைங்க" என்றேன்.