அவிச்ச மருமக

என் மாமனார் முப்பது வருடத்துக்கு மேல் சாக்ஸபோன் வாசித்தவர். மற்ற நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளத்தில் கொழுந்து வாட்டும் வேலை. சனிக்கிழமை சாயந்திரமானால் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் பெட்டி, தானா ராத்தா டவுனுக்குப் பஸ். அங்கே ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரத் துரைமார் ஜோடி ஜோடியாக ஆட, இவர் ஜாஸ் வாசிப்பார். இளவயதில் அதே ஹோட்டலில் தட்டு கழுவப் போனவர், பேண்டிலிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் பழகிக்கொண்டாராம். துரைமார் கப்பலேறிப் போனார்கள், சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். மேடையில் சாக்ஸபோன்காரர் நாற்காலி மட்டும் இவருடையதாகவே இருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாக்ஸபோனுக்கு வெள்ளைக்கார நாயனம் என்று பெயர். ஒரு கல்யாணத்தன்று மலைக்கு ஏறி வரும் தாப்பா சாலையில் மண் சரிந்து, மேளக்காரர்கள் வந்த லோரி மேலே ஏற முடியவில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு மாமாதான் ஊதினார். அதற்குப் பிறகு மேளம் வந்தாலும் இவரும் வேண்டும் என்று கேட்டார்கள். சுரத்தை நேராகப் பிடிக்க மாட்டார். கீழிருந்து மெல்ல இழுத்து ஏற்றுவார். ஈப்போவிலும் பினாங்கிலும் பலர் அந்த இழுப்பை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வானொலியில் யாராவது அப்படி வாசித்தால் என் கணவர் சத்தத்தைக் கூட்டுவார். "அப்பாவோடது அது," என்பார்.

நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததில் எனக்குப் பெருமைதான். மாமியார் முன்பே தவறிவிட்டதால் வீட்டுப் பொறுப்பு முழுதும் என்னுடையது. மூத்தவள் பிறந்த பிறகு எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. பால் போத்தலைப் பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொன்னதை, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் செய்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். குழந்தைக்குப் பத்து மாதம். மாமாவின் கட்டிலருகே தவழ்ந்து போனவள், சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் அந்தக் கறுப்புக் கெட்டி ரப்பர் மவுத்பீஸை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு அப்போது விடாத இருமல். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பிடுங்கி, போத்தலோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டேன். கந்தக வாடை வந்த பிறகுதான் திறந்து பார்த்தேன். கறுப்பு போய்ப் பாசி நிறமாக, லேசாகக் கோணியிருந்தது.

மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. "முப்பது வருசமா என் வாயில இருந்ததும்மா," என்றார். அன்று சனிக்கிழமை. அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் போகவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் கணவர்.

ஈப்போவில் உள்ள வாத்தியக் கடைக்கு எழுதி வேறு வாங்கலாம் என்றேன். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "அந்த மாதிரி இனி வராதும்மா. வுடு."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அரிவாள்மனை இரவல் கொடுக்கும்போது, "இந்தா அவிச்ச மருமக, இதயும் பானையில போட்டுடாத லா," என்பார். நானும் சிரிப்பேன். ஆனால் எதைத் தொட்டாலும் இது சரியா, யாரையாவது கேட்கலாமா என்று கை நின்றுவிடும். மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தபோது, மறுபடி சிரிப்பார்களே என்று ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில், ஏன் நேற்றே கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டார். அவள் தேறிவிட்டாள்.

மகளுக்கு நாலு வயதாகும்போது தானா ராத்தா பஸ் நிலையத்தில், மாமாவோடு ஹோட்டல் பேண்டில் டிரம் அடித்தவரைப் பார்த்தேன்.

"மாமா பல்லு கட்டிக்கிட்டாராம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"மேல் பல்லு ரெண்டு விழுந்ததுலேருந்து ஊதறப்ப காத்து ஒழுகுச்சே. ஒங்க புள்ள பொறந்த வருசத் தீபாவளிக்கு முந்தியே ஹோட்டல்ல வேற ஆளப் போட்டுட்டாங்க. பாவம், அதுக்கப்புறமும் சனிக்கிழம பொட்டியத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல ஒக்காந்திருப்பாரு. ஒங்க வீட்டுக்காரர்தான் ஒருநாள் வந்து கூட்டிட்டுப் போனாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன். தீபாவளிக்குப் பிறகுதான் பொங்கல்; நான் அவித்தது பொங்கலும் முடிந்த பிறகு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அதையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

வீட்டில் கணவரைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "அப்பா மானம் போயிருக்கும். நீ சின்னவ, தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"மாமாட்ட சொல்லுங்க, எனக்குத் தெரியும்னு."

சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாளிலிருந்து மாமா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். என்றாவது வாய் திறப்பார் என்று காத்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஈப்போவிலிருந்து இரண்டு சாக்ஸபோன்காரர்கள் மாலையோடு வந்தார்கள். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும். "ஒங்க இழுப்ப வச்சுத்தான் எங்க பொழப்பே ஓடுது," என்று காலைத் தொட்டார்கள். லயத்துக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எனக்கே கண் கலங்கியது. அப்போது ஒருவர், "ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என்றார்.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மோவாயால் என் பக்கம் காட்டிச் சிரித்தார். "எங்க மருமக அவிச்சுட்டா லா."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

மகள் என் புடவையை இழுத்தாள். "அம்மா, ஒன்னாலதான் தாத்தா ஊதறதில்லையா?"

லயம் சிரித்தது எனக்குப் பழகிவிட்டது. இவள் அப்படி நினைத்து வளரக் கூடாது என்று தோன்றியது.

"அம்மா அவிச்சது நெசம்," என்றேன். "ஆனா தாத்தா அதுக்கு மூணு மாசம் முந்தியே நிறுத்திட்டாங்க. தாத்தாவையே கேளு."

அவள் கேட்டாள். குழந்தைகள் கேட்பதுபோல, அவர் முழங்காலில் கை வைத்துக் கேட்டாள். மாமா கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். "சின்னப் புள்ளகிட்ட இதெல்லாம் ஏம்மா," என்றார் என்னைப் பார்த்து. விருந்தாளிகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மாமா சமையலறைக்கு வந்தார். தானே தேநீர் ஊற்றிக்கொண்டார், குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். இத்தனை வருடத்தில் அவர் குவளை கழுவி நான் பார்த்ததில்லை. ஏதாவது சொல்வாரோ என்று நின்றேன். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.